கண் இமைப்பதற்குள் ஒன்பது படங்கள்! உங்கள் கணினி தாங்குமா, தெரியுமா?

அன்னாசிக்குப் பேர்போன நம் பெக்கான் நானாஸில் உங்கள் வீட்டுப் பிள்ளையும் விஆர் ஹெட்செட் கேட்டு நச்சரிக்கிறதா? காசை எடுப்பதற்கு முன் கணினியைச் சோதித்துப் பாருங்கள். அந்தச் சோதனைக்குள்ளேயே எத்தனை அதிசயம்!

2016இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் ஹெட்செட்டுகள் இரண்டுமே நொடிக்கு 90 படங்கள் கேட்டன. ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் கெடு வெறும் 11 மில்லிநொடி! நாம் ஒரு தரம் கண் இமைப்பதற்குள் ஒன்பது படங்கள் தயாராக வேண்டும், அதுவும் இரு கண்ணுக்கும் தனித்தனியாக. லென்ஸ் படத்தை வளைத்துவிடும். அதை ஈடுகட்டத் திரையின் அளவைவிடப் பெரிதாகவே வரைய வேண்டும். வைவில் ஒரு கண்ணுக்கு 1512க்கு 1680 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 45 கோடிக்கும் மேல்! முழு எச்டி திரையில் நொடிக்கு 60 படம் ஓட்ட 12 கோடி சொச்சம் போதும்.

கெடு தவறிக்கொண்டே போனால்? தலை திரும்பியதை உள்காது சொல்லும், கண் மறுக்கும். தலை சுற்றும், குமட்டும். ஆகவே சராசரி வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். எத்தனை படம் கெடுவைத் தவறவிட்டது என்று பாருங்கள். இந்த அறிவியலை ஆக்குலஸின் தொடக்ககாலத் தலைமை விஞ்ஞானி ஸ்டீவன் லாவால் சென்னை ஐஐடியில் பாடமாகவே நடத்தியிருக்கிறார். அந்த வீடியோக்கள் இலவசம், தெரியுமா?

சோதனையும் இலவசம்தான்! வால்வ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஸ்டீம்விஆர் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட், ஹெட்செட் இல்லாமலே ஓடும். ஒரு ரோபோ காட்சி சுமார் 2 நிமிடம். முடிந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தீர்ப்பு. 90க்குக் கீழே எத்தனை படம் இறங்கியது என்றும் காட்டும். ஆனால் பச்சை வந்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். 2020இல் வந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' என்ற விஆர் விளையாட்டு குறைந்தபட்சமே 12 ஜிபி ரேமும் 6 ஜிபி கொண்ட ஜிடிஎக்ஸ் 1060 கார்டும் கேட்கிறது.

மடிக்கணினிக்காரர்களே, இதையும் கேளுங்கள்! உள்ளே அருமையான கிராபிக்ஸ் கார்டு இருக்கும். ஆனால் பக்கவாட்டு எச்டிஎம்ஐ துளை அதனோடு இணையாமல், பிராசசரோடு ஒட்டிய சின்ன கிராபிக்ஸோடு இணைந்திருக்கலாம். அப்படியானால் அந்த வழியாக இணையும் ஹெட்செட் வேலை செய்யாமலே போகலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நம் ஊருக்கு முக்கியமானது வெயில். சூடு ஏறினால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2 நிமிடச் சோதனையில் அது தெரியாமலே போகலாம். ஏசி இல்லாத அறையில், மத்தியான வேளையில், கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். காற்றாடி இரைந்துகொண்டிருக்கும்போதே சோதனையை மறுபடி நடத்துங்கள். அப்போதும் பச்சை வந்தால், தாராளமாக ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள்!