குருவானவர் வராத ஞாயிறு

ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் உடைந்து பாதை மூழ்கியதால், ஒரு ஞாயிறன்று எம் பங்கின் கிளை ஊர் ஒன்றுக்கு என்னால் போய்ச் சேர இயலவில்லை. மறுவாரம் விசாரித்தபோது, "சாமி வரவில்லை, கோவிலைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்" என்றனர். அவ்வாரம் அங்கே ஒரு மூதாட்டி நோயுற்றுக் கிடந்தார். எட்டிப் பார்த்தவர் எவருமில்லை. குற்றம் அம்மக்களுடையதா, அல்லது அனைத்தையும் தன் கையிலேயே வைத்துக்கொண்ட குருவினுடையதா? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அப்போது என் நினைவுக்கு வந்தவர்கள் குவேக்கர்கள் எனப்படும் நண்பர் சபையார். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், ஜார்ஜ் பாக்ஸ் என்பாரின் போதனையால் தோன்றிய சபை இது. அதன் பழைய மரபில் குருக்களுமில்லை, பலிபீடமுமில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அனைவரும் மௌனமாய் அமர்ந்திருப்பர். ஆணாயினும் பெண்ணாயினும், தூய ஆவியால் ஏவப்பட்டதாக உணர்பவர் எழுந்து சில சொற்கள் பேசி அமர்வார்.

குரு இல்லையெனவே மேய்ப்பும் இல்லையென்று எண்ணிவிடலாகாது. வழிபாட்டின் ஒழுங்கை மூப்பர்களிடமும், நோயாளிகள், துயருற்றோர் பற்றிய கவலையை மேற்பார்வையாளர்களிடமும் ஒப்படைப்பது அவர்கள் வழக்கம். பிரித்தானியாவில் இப்பொறுப்புகள் பெரும்பாலும் 3 ஆண்டுகளுக்கே. பின்பு வேறொருவர் ஏற்பார். முன்னாளில், அருள்வாக்கில் சிறந்தோரை 'ஊழியர்' எனப் பதிவு செய்வதும் உண்டு. அப்பதிவு ஊழியம் சிலருக்கே உரியது என்ற எண்ணத்தை வளர்க்கும் என்று கருதி, பிரித்தானிய நண்பர்கள் 1924இல் அதனைக் கைவிட்டனர். இந்த ஒரு செய்தி என்னைச் சுட்டது. (கென்யாவிலும் அமெரிக்காவின் பல பகுதிகளிலும் போதகர்களை அமர்த்திக்கொண்ட குவேக்கர்களும் உளர் என்பதைச் சொல்லாமல் விடலாகாது.)

தமிழகமும் இவர்களை அறியும். 1928இல் சென்னை வேப்பேரியிலுள்ள பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த மார்ஜரி சைக்ஸ் அம்மையார் தமிழைக் கற்றார். 1936இல் நண்பர் சபையில் சேர்ந்தார். பின்னர் சாந்திநிகேதனிலும், காந்தியடிகளின் சேவாகிராமத்திலும் பணியாற்றினார். நீலகிரியிலுள்ள கோத்தகிரியில் பல்லாண்டுகள் வாழ்ந்தார். 1960களில் நாகாலாந்து சமாதானக் கண்காணிப்புக் குழுவிலும் தொண்டாற்றினார். குருப்பட்டம் ஏதும் பெறாதவர். ஆயினும் அவர் செய்தது மேய்ப்பரின் பணியே அன்றோ?

திருப்பலியும் குருத்துவமும் இன்றி நமக்குத் திருச்சபை இல்லை. அவர்கள் வழி நம் வழியன்று. ஆனால் பொதுநிலையினரின் பணி நமக்குப் புதிதா என்ன? குருக்கள் அரிதாயிருந்த 18ஆம் நூற்றாண்டில், இக்காவிரிக் கரைகளில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்கள். வீரமாமுனிவர் அவர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்ற நூலை எழுதினார்.

அக்கிளை ஊரில் இப்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், நடவு வேலைக்குச் செல்லும் இரு பெண்களும் இப்பொறுப்பை ஏற்றுள்ளனர். நான் செல்லாத ஞாயிறுகளில் கோவில் திறக்கிறது, வாசகம் வாசிக்கப்படுகிறது, பின்பு வீடுகளைச் சந்திக்கின்றனர். சென்ற மாதம் அப்பெண்களில் ஒருவர், நோயுற்றோர் பெயர்களை எழுதிய தாளொன்றை என் கையில் தந்தார். அதிலிருந்த ஐந்து பெயர்களில் இரண்டை நான் அதுவரை கேள்விப்பட்டதேயில்லை.