ஒரே மழையில் 13 குடம் தண்ணீர்! வீட்டிலேயே 'மழை டிரம்' செய்வது எப்படி?

சென்னை,

மழை பெய்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணி. வெயில் வந்தால் குடத்தோட லாரிக்கு ஓட்டம். சென்னையில் வருஷா வருஷம் இதே கதைதான்.

2019-ம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு போயின. அந்த ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இத்தனைக்கும் 2003-ம் ஆண்டே தமிழகத்தில் எல்லா கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது.

'மொட்டை மாடி இருக்கிறவங்க தொட்டி கட்டலாம். ஓட்டு வீடு, ஷீட் போட்ட வீட்டில் இருக்கிற நாங்க என்ன செய்றது?' என்று கேட்பவர்களுக்கு கைகொடுப்பதுதான் மழை டிரம்.

எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்?

சென்னையில் ஆண்டுக்கு சராசரியாக சுமார் 140 செ.மீ. மழை பெய்கிறது. 10 அடிக்கு 20 அடி கூரை மேல் 1 செ.மீ. மழை விழுந்தாலே சுமார் 185 லிட்டர் தண்ணீர். 2 செ.மீ. பெய்தால், சிந்தியது போக 200 லிட்டர் டிரம் நிரம்பி வழியும். அதாவது 15 லிட்டர் குடத்தில் 13 குடம்!

என்னென்ன வேண்டும்?

மூடி உள்ள 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், பி.வி.சி. பைப், ஒரு குழாய், அதை பொருத்த 'டேங்க் நிப்பிள்', வாஷர், நைலான் கொசுவலை. அவ்வளவுதான்.

பழைய டிரம் வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். ஆசிட், பூச்சி மருந்து, கெமிக்கல் இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் விஷம் முழுசாக போகாது.

செய்முறை

* பைப்பை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கூரை ஓரத்தில் லேசான சரிவோடு கட்டுங்கள். சரிவு முடியும் இடத்தில் இருந்து இன்னொரு பைப்பை டிரம்முக்கு இறக்குங்கள்.

* டிரம்மின் அடியில் இருந்து 3 அங்குலம் விட்டு துளை போட்டு குழாய் பொருத்துங்கள். வண்டல் அடியிலேயே தங்கிவிடும்.

* மேலே விளிம்புக்கு கீழே இன்னொரு துளை போட்டு பைப் வையுங்கள். நிரம்பி வழியும் தண்ணீர் சுவர் ஓரம் தேங்காமல், தள்ளி இருக்கும் மண்ணில் இறங்கட்டும்.

* நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். கெட்டியான தரையில் செங்கல் அல்லது ஹாலோ பிளாக் அடுக்கி, ஆடாமல் நிறுத்துங்கள். குடம் வைக்கிற உயரமும் கிடைக்கும். மாடி வராண்டாவில் வைக்காதீர்கள்.

முதல் மழை வேண்டாம்

பல நாள் கழித்து பெய்யும் மழையில் முதல் 10 நிமிட தண்ணீரை டிரம்முக்குள் விடாதீர்கள். கூரை மேல் இருக்கும் தூசி, காக்கா எச்சம் எல்லாம் அதில்தான் வரும். பைப்பை வெளியே திருப்பிவிட்டு, தண்ணீர் தெளிந்ததும் டிரம்முக்கு மாற்றுங்கள்.

கொசுவுக்கு வீடு ஆகலாமா?

இதுதான் முக்கியமான விஷயம். டெங்குவை பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை விட, வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணியை மிச்சம் பிடிக்கப் போய் ஆஸ்பத்திரிக்கு செலவு செய்யக் கூடாது.

அதனால் மூடியை இறுக்கி மூடுங்கள். பைப் நுழையும் இடம், வழியும் துளை இரண்டிலும் கொசுவலை கட்டுங்கள். வாரம் ஒரு முறை டிரம்மை காலி செய்து, உள்பக்கத்தை நன்றாக தேயுங்கள். கொசு முட்டை சுவரில் ஒட்டி இருக்கும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. வீட்டில் சின்ன குழந்தைகள் இருந்தால் மூடி திறந்தே இருக்கக் கூடாது.

எதற்கு பயன்படுத்தலாம்?

துணி துவைக்க, வீடு கழுவ, கழிவறைக்கு, செடிக்கு தாராளமாக பயன்படுத்தலாம். உப்புத் தண்ணி போல் இல்லாமல் மழைத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். சோப்பும் மிச்சம். ஆனால் இந்த தண்ணீரை குடிக்கவோ, சமைக்கவோ வேண்டாம்.

சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டும். அடைமழை ஆரம்பித்த பிறகு டிரம் தேடி அலையாமல், புரட்டாசியிலேயே வேலையை முடித்து வையுங்கள். தண்ணி லாரிக்கு குடம் வரிசை போடுவது கொஞ்சமாவது குறையும்.