சிலிக்கானை ஒளிர வைத்த ராமன் விளைவு!

உங்கள் மொபைலின் மூளை, சிலிக்கான் சிப். அதில் நீங்கள் அனுப்பும் வீடியோவைக் கடல் கடந்து சுமந்து செல்வது, கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளி. இந்த இரண்டையும் ஒரே சிப்பில் சேர்த்துவிட்டால்? செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடும்போது கிளம்பும் சூடு குறையும். டேட்டா சென்டர்களின் கரன்ட் செலவும் குறையும்.

ஆனால், சிலிக்கானுக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் கொடுத்தால் கச்சிதமாகக் கணக்குப் போடும். ஒளி மட்டும் தராது. எல்.இ.டி பல்புகளை காலியம் நைட்ரைடு போன்ற வேறு பொருள்களில் செய்வது அதனால்தான்.

தேர்த் திருவிழா நெரிசல்

நம் கண்ணுக்குச் சாம்பல் நிறத்தில் மின்னும் சிலிக்கான், 1,550 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளிக்குக் கண்ணாடி மாதிரி. இணையத் தகவல்களைச் சுமப்பதும் பெரும்பாலும் இந்த ஒளிதான். அது ஓடுவதற்காக சிப்பின் மேல் சுமார் 450 நானோமீட்டர் அகலமும் 220 நானோமீட்டர் உயரமும் கொண்ட பாதைகளைச் செதுக்குகிறார்கள். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இதற்கு 'அலைவழி' என்று பெயர்.

காலியான தெருவில் நடப்பது வேறு. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நடப்பது வேறு. இவ்வளவு குறுகலான இடத்தில் நெருக்கியடிக்கும்போது, தான் போகும் பாதையின் தன்மையையே ஒளி மாற்றிவிடுகிறது. ஒரு ஒளித்துடிப்பின் முன்பகுதியில் அலைநீளம் சற்றுக் கூடுகிறது, பின்பகுதியில் குறைகிறது. ஒரே நிறமாகக் கிளம்பியது, பல நிறங்களாக விரிந்து வெளியே வருகிறது. இது 'கெர் விளைவு' செய்யும் வேலை. ஒரே லேசரிலிருந்து பல அலைநீளங்களைப் பெற இது கைகொடுக்கும்.

தோள் மேல் ஏறும் ஒளித்துகள்கள்

நெரிசலில் ஒரு தொல்லையும் இருக்கிறது. சிலிக்கானில் கட்டுண்டிருக்கும் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்க 1.12 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதை ஒரு சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒளியின் ஒரு துகளிடம் இருப்பதோ 0.8 மட்டுமே. தனியாகச் சுவரைத் தாண்ட முடியாது. உறியடியில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறுவதுபோல இரண்டு துகள்கள் சேர்ந்தால் 1.6. தாண்டிவிடும்!

அப்படித் தாண்டும்போது இரண்டு துகள்களுமே காலி. போதாக்குறைக்கு, விடுபட்ட எலெக்ட்ரான்கள் பாதையிலேயே நின்றுகொண்டு, பின்னால் வரும் ஒளியையும் விழுங்குகின்றன. அதனால், உள்ளே இரண்டு மடங்கு ஒளியை அனுப்பினாலும் வெளியே இரண்டு மடங்கு வராது. சிலிக்கானில் லேசர் செய்ய நினைத்தவர்களை மறித்தது இந்தச் சுவர்தான்.

கைகொடுத்த திருச்சிக்காரர்

திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். பொருளின் மீது படும் ஒளியில் மிகச் சிறு பங்கு, அங்குள்ள அதிர்வுகளுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியே வருகிறது. 1930-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது இதுதான். கண்ணாடி இழையைவிட சிலிக்கானில் இந்த விளைவு ஆயிரக்கணக்கான மடங்கு வலுவானது.

2004-ல் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ பல்கலைக்கழகத்தில் பஹ்ராம் ஜலாலி குழுவினர், ராமன் விளைவைக் கொண்டே முதல் சிலிக்கான் லேசரை இயக்கினார்கள். ஒளியை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பினார்கள். வழிமறிக்கும் எலெக்ட்ரான்கள் அந்த இடைவெளியில் அடங்கிவிட்டன. 2005-ல் இன்டெல் விஞ்ஞானிகள் அலைவழியின் இரு பக்கமும் டையோடு அமைப்பை வைத்து, மின்புலத்தால் அந்த எலெக்ட்ரான்களைப் பெருக்கித் தள்ளினார்கள். 1,550 நானோமீட்டரில் உள்ளே போன ஒளி, 1,686 நானோமீட்டர் லேசராக இடைவிடாமல் வெளியே வந்தது.

இந்த லேசரை இயக்க வெளியிலிருந்து இன்னொரு லேசர் வேண்டும். அதனால், இன்றைய டேட்டா சென்டர் சிப்களுக்கு ஒளி தருவது இண்டியம் பாஸ்பைடு என்ற வேறு பொருள்தான். ஆனாலும், சிலிக்கான் பாதையில் எவ்வளவு ஒளியை அனுப்பலாம் என்று கணக்கிடும் ஒவ்வொரு பொறியாளரும் அந்தச் சுவரை மனதில் வைத்தே ஆக வேண்டும். சென்னை ஐ.ஐ.டி-யிலும் சிலிக்கான் ஒளிச் சிப்கள் பற்றிய ஆய்வு நடக்கிறது.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். அன்று பள்ளியில் பேசப்போகும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பதோடு இந்த சிலிக்கான் கதையையும் சொல்லிக்கொடுங்கள்.