பண்ணை முதல் மலக்குழி வரை: மருந்தை வெல்லும் மரபணுவும் தொழிலாளர் உரிமையும்

மருத்துவர்கள் கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைத்திருக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளுள் ஒன்று கோலிஸ்டின். மற்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் பயனளிக்காத நிலையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடும் நோயாளிக்கு அது தரப்படுகிறது. அதே மருந்துதான் பல ஆண்டுகளாகக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலந்து கொடுக்கப்பட்டது. நோய் தீர்க்க மட்டுமல்ல, விரைவில் எடை கூட்டவும். 2019 ஜூலையில் ஒன்றிய அரசு, மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின்கீழ், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் விநியோகிப்பதையும் தடை செய்தது. தடை வரவேற்கத்தக்கது. ஆனால் பண்ணையில் உருவாகும் எதிர்ப்புத்திறன் முதலில் யாருடைய உடலை வந்தடைகிறது என்ற கேள்விக்குத் தடை மட்டுமே விடையாகாது.

மரபணு எவ்வாறு இடம் பெயர்கிறது?

பாக்டீரியா தன் பண்புகளைத் தன் வழித்தோன்றல்களுக்கு மட்டும் தருவதில்லை. அதன் உயிரணுவுக்குள் முதன்மை மரபுத்தொகுதிக்கு வெளியே ‘பிளாஸ்மிட்’ எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் இருக்கின்றன. இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது, ஒன்று தன் பிளாஸ்மிட்டின் படியை மற்றொன்றுக்குக் கடத்த முடியும். பெறுவது வேறு இனப் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். ஒரே பிளாஸ்மிட்டில் பல மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. எனவே கோழியின் குடலில் வாழும் தீங்கற்ற ஈ.கோலை, மனிதக் குடலில் நோய் உண்டாக்கும் கிருமிக்கு இந்த ஆயுதத்தைக் கையளிக்கக்கூடும்.

கோலிஸ்டினுக்கு எதிரான எதிர்ப்புத்திறன் இவ்வாறு பரவக்கூடியது என்பதை 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ‘எம்.சி.ஆர்-1’ என்னும் அந்த மரபணு, விலங்குகளிடமிருந்து எடுத்த 804 ஈ.கோலை மாதிரிகளில் 166-இலும், பச்சை இறைச்சியின் 523 மாதிரிகளில் 78-இலும் காணப்பட்டது. மருத்துவமனை நோயாளிகளின் 1,322 மாதிரிகளில் 16-இல் மட்டுமே இருந்தது. விலங்கிடம் மிகுதி, மனிதரிடம் குறைவு என்ற இந்த வேறுபாடு, மரபணு பண்ணையிலிருந்து புறப்பட்டிருக்கலாம் என்பதைச் சுட்டியது. 2017-இல் சீனா கோலிஸ்டினைத் தீவனத்தில் வளர்ச்சியூக்கியாகச் சேர்ப்பதை நிறுத்தியது. அதற்கு முன் பன்றிகளின் ஈ.கோலையில் 34 விழுக்காடாக இருந்த கோலிஸ்டின் எதிர்ப்பு, ஓரிரு ஆண்டுகளில் 5 விழுக்காடாகச் சரிந்தது. தடை முறையாக நடைமுறைக்கு வந்தால் பயன் தரும் என்பதற்கு இதுவே சான்று.

முதலில் யாரை?

இதற்கு 1976-லேயே ஒரு விடை கிடைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டூவர்ட் லெவி குழுவினர், ஒரு பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்தனர். ஒரு வாரத்திற்குள் கோழிகளின் குடல் பாக்டீரியா அம்மருந்தை எதிர்க்கத் தொடங்கியது. ஐந்தாறு மாதங்களில், பண்ணையில் வாழ்ந்தவர்களிடம் வாரந்தோறும் எடுத்த மல மாதிரிகளில் 31 விழுக்காட்டில், பாக்டீரியாக்களில் பெரும்பகுதி எதிர்ப்புத்திறன் பெற்றிருந்தது. அண்டை வீட்டாரிடம் அந்த அளவு சுமார் 7 விழுக்காடுதான்.

பண்ணைக்கு மிக அருகில் இருப்பவருக்கே முதல் ஆபத்து என்பது இதன் பொருள். நம் நாட்டில் அந்த அருகாமையைச் சாதி தீர்மானிக்கிறது. எரு அள்ளுதல், செத்த மாட்டை அகற்றுதல், தோலுரித்தல், இறைச்சிக் கழிவு சுமத்தல், சாக்கடைக்குள் இறங்குதல் ஆகிய வேலைகள் தலைமுறை தலைமுறையாகத் தலித் மக்கள் மீது சுமத்தப்பட்டவை. பண்ணை, மருத்துவமனை, வீடு ஆகிய மூன்றின் கழிவும் கலக்கும் இடம் சாக்கடை. பாக்டீரியாக்கள் மரபணுவைப் பரிமாறிக்கொள்ள ஏற்ற சூழலும் அதுவே. மலக்குழி மரணம் என்றால் நச்சுவாயுவை மட்டுமே எண்ணுகிறோம். வெளியே வந்த பின், மருந்துக்குக் கட்டுப்படாத தொற்றால் நிகழும் மரணம் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

சட்டம் என்ன தருகிறது?

1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், மூன்றாம் அட்டவணையின் முதல் பகுதியில், தொற்று அபாயமுள்ள வேலையில் வரும் தொற்றுநோயைத் தொழில்சார் நோயாக ஏற்றது. விலங்குகளையும் அவற்றின் உடல்களையும் கையாளும் வேலை அதில் வெளிப்படையாகவே இடம்பெறுகிறது. தனிப்பட்ட தொற்று அபாயமுள்ள பிற வேலைகளும் அடங்கும். சாக்கடைப் பணியை இதன்கீழ் வாதிடலாம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் பட்டியலும் இதையொட்டியவையே.

இதன் உண்மையான வலிமை மெய்ப்பிக்கும் சுமையில் இருக்கிறது. அட்டவணையில் உள்ள வேலையைச் செய்தவருக்கு அந்நோய் வந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். எந்தக் கோழியிடமிருந்து எந்தக் கிருமி வந்தது என்று தொழிலாளி காட்டத் தேவையில்லை. ஒப்பந்தக்காரர் வழியாக வேலை செய்தவருக்கும் முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பாவார்.

ஆனால் உடலில் எதிர்ப்பு மரபணு இருப்பது மட்டும் நோயாகாது; நோய் வந்திருக்க வேண்டும், அது ஆவணத்தில் இருக்க வேண்டும். ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டு வழக்கில் நிற்காது. ஆகவே களத்தில் இருப்போர் மூன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: இரத்தம் அல்லது சீழின் கல்ச்சர் பரிசோதனை, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்ற அறிக்கை, மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளி செய்யும் வேலையின் பெயர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘கிருமி சுமப்பவர்’ என்ற சொல் நம் சமூகத்தில் எளிதாகத் தீட்டின் புதுப்பெயராகிவிடும். நெதர்லாந்தில் பன்றிப் பண்ணையாளர் மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது, மருந்தை எதிர்க்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் உள்ளதா என்று பரிசோதிப்பது வழக்கம். அங்கு அது வேலையின் அபாயமாகப் பார்க்கப்படுகிறது. இங்கும் பரிசோதனை தொழிலாளியின் உரிமையாக, வேலையளிப்பவரின் செலவில், வேலை பறிபோகாது என்ற உறுதியுடன் நடைபெற வேண்டும். தீவனத்தில் மருந்தைக் கலந்து இலாபம் பார்த்தவர்கள் அவர்கள் அல்லர். அதன் விலையை அவர்கள் உடலால் செலுத்தக் கூடாது.