முகத்தில் பூசும் பனிக்காளான்! 500 மடங்கு தண்ணீர் பிடிக்குமா?

காளானைக் குழம்பு வைப்பார்கள். பிரியாணி போடுவார்கள். முகத்தில் பூசுவார்களா?

பூசுகிறார்கள்! கடையிலும் ஆன்லைனிலும் சின்னச் சின்ன புட்டிகளில் விற்கிறார்கள். "பனிக்காளான் சீரம்" என்று பெயர். என் தங்கச்சியே ஒன்று வாங்கி வந்துவிட்டாள். கட்டை விரல் உயரத்துக்கு ஒரு புட்டி. விலை, வீட்டின் ஒரு வார காய்கறிச் செலவு!

"இதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டேன். "500 மடங்கு தண்ணி பிடிக்குமாம்ணே" என்றாள். திருட்டு, தீ விபத்து, குடிநீர்க் குழாய் என்று அலைகிற எனக்கு இது புது கேஸ். விசாரணையில் இறங்கினேன்.

சீனத்து சரக்கு

காளானின் முழுப்பெயர் ட்ரெமெல்லா ஃப்யூசிஃபார்மிஸ். சீனர்கள் "வெள்ளிக் காது" என்பார்கள். காய்ந்தால் கசங்கிய காகிதப்பூ. தண்ணீரில் போட்டால் உப்பி, ஜவ்வு மாதிரி வழவழக்கும். கல்கண்டு போட்டுக் கொதிக்கவைத்து இனிப்புக் கஞ்சியாகக் குடிப்பார்கள்.

8-ம் நூற்றாண்டில் சீனச் சக்கரவர்த்தியின் ஆசைநாயகியாக இருந்த யாங் குவெய்ஃபெய் என்ற பேரழகி, இதைச் சாப்பிட்டுத்தான் மேனியைக் காப்பாற்றினாள் என்று ஒரு கதை உண்டு. கதைதான். சாட்சி கிடையாது!

ஒரு காலத்தில் இது காட்டில் மட்டும் கிடைத்தது. பணக்காரர்கள்தான் வாங்க முடியும். காரணம், இது தனியாக வளராது. மரத்தை மக்கவைக்கும் இன்னொரு பூஞ்சையைப் பிடித்து, அது தேடிய சோற்றைத் தின்று வளரும் ஆசாமி இது. கூட்டாளி இல்லாமல் பயிர் செய்தவர்கள் கோட்டை விட்டார்கள். இரண்டையும் சேர்த்து விதைக்கும் வித்தை பிடிபட்ட பிறகுதான் விலை இறங்கியது. இன்று ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள குட்டியன் என்ற ஊர் இதற்குப் பேர் போனது. பருத்திக்கொட்டைத் தோலைப் பைகளில் அடைத்து வளர்க்கிறார்கள். சுமார் 40 நாளில் அறுவடை!

உண்மை எவ்வளவு?

வழவழப்புக்குக் காரணம் ஒரு வகை மாவுச்சத்து. நீளச் சங்கிலி மாதிரி இருக்கும். அதன் கிளைகளில் தண்ணீர் தொற்றிக்கொள்ளும். முகத்தில் பூசினால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்திரை போடும். வறண்ட மேல்தோல் கொஞ்சம் உப்பும். மெல்லிய கோடுகள் மறைந்த மாதிரி தெரியும். பிசுபிசுப்பும் குறைவு. இது பொய்யில்லை.

ஆனால் கழுவினால் போச்சு! கறுப்பு சிவப்பாகாது. சுருக்கம் நிரந்தரமாக மறையாது. அந்த 500 மடங்கு, விற்பவர்கள் சொல்லும் கணக்கு. முகம் ஒன்றும் தண்ணீர்த் தொட்டி அல்ல!

இன்னொரு அளப்பு பாருங்கள். "ஹயலூரானிக் அமிலத்தைவிட இது பொடிசு, தோலுக்குள் புகுந்துவிடும்" என்கிறார்கள். 2000-ம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இரண்டு தோல் டாக்டர்கள் ஒரு கணக்கு எழுதினார்கள். 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு நல்ல தோலைத் தாண்டுவது கஷ்டம் என்பது அது. காளான் சங்கிலியோ பெரும்பாலும் 10 லட்சம் டால்டனுக்கு மேல்! பூட்டிய வீட்டுக்குள் யானை நுழைந்த கதைதான்.

பூசுவதிலும் முறை இருக்கிறது. முகம் ஈரமாக இருக்கும்போது தடவி, மேலே ஒரு கிரீம் போட வேண்டும். ஏ.சி. அறையில் சும்மா பூசிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த ஈரம் காற்றோடு போய்விடும். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி, அரிக்கிறதா என்று ஒருநாள் பார்ப்பது நல்லது.

புட்டியைத் திருப்புங்கள்

2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகள்படி லேபிளில் தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதி, கலந்த சரக்குகள் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அதிகம் முதல் குறைவு என்று வரிசையாகப் போட வேண்டும். காளான் பெயர் வாசனைப் பொருளுக்கும் பின்னால் கடைசியில் கிடந்தால், பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட இல்லை என்று அர்த்தம். கொஞ்சம் போட்டாலே கெட்டியாகும் சரக்கு இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் புட்டி முகப்பில் காளான் படம் மட்டும் பெரிசாக இருக்கும்!

வீட்டு வைத்தியம் ஆபத்து

காசை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் காய்ந்த காளானை வாங்கி வீட்டிலேயே ஊறவைக்கிறார்கள். அளவுக்கு மீறி வெள்ளையாக இருந்து, நெடி மூக்கில் ஏறினால் கந்தகப் புகை போட்ட சரக்காக இருக்கலாம். உஷார்!

அதைவிடப் பெரிய விஷயம் உண்டு. சீனாவில் கெட்டுப்போன வெள்ளிக் காதைச் சாப்பிட்டு ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதில் வளரும் ஒரு பாக்டீரியா போங்க்ரெகிக் அமிலம் என்ற விஷத்தைக் கக்கும். கொதிக்கவைத்தாலும் அது சாகாது. மாற்று மருந்தும் இல்லை. நாள்கணக்கில் ஊறிய காளானை வாயில் வைக்கவே கூடாது. பூசுவதற்கென்று காய்ச்சிய கூழும் அப்படித்தான். கெடாமல் இருக்க மருந்து சேர்க்காததால் சீக்கிரமே கிருமி பிடித்துவிடும்.

இதை வீட்டில் சொன்னேன். பிரிட்ஜில் மூன்று நாளாக ஒரு கிண்ணம் இருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தங்கச்சி ராத்திரியே அதைக் கொட்டிக் கழுவிவிட்டாள். புட்டியை மட்டும் தரமாட்டேன் என்கிறாள்!