சாலைகளின் கதை – 17: மலை வழிவிட்ட இடம்

திருமங்கலத்தில் நாற்கரச் சாலையை விட்டு மேற்கே திரும்பும் லாரி, கொல்லம் போய்ச் சேரச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடவேண்டும். தேசிய நெடுஞ்சாலை எண் 744. முன்பு 208. இரண்டு எண்களுமே டிரைவர்களின் வாயில் வருவதில்லை. தென்காசிப் பக்கம் யாரைக் கேட்டாலும் அது ‘கொல்லம் ரோடு’தான்.

வரைபடத்தில் இந்தச் சாலையின் போக்கைப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். டி.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று வந்து, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டே தெற்கு நோக்கி இறங்குகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஏற வழியில்லை. தென்காசியைத் தாண்டி, செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவில் மலை கொஞ்சம் தாழ்கிறது. சாலை அங்கேதான் மேற்கே நுழைகிறது. குற்றாலத்துச் சாரலும் இந்தக் கணவாயின் தயவுதான். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளியில் புகுந்துதான் தென்காசியை நனைக்கிறது.

சரக்கும் இதே வாசலில்தான் போயிற்று. அதற்குச் சாட்சி ஆரியங்காவு சாஸ்தா கோயில். நெடுஞ்சாலையோரம் நின்று குனிந்து பார்க்கவேண்டும். படியிறங்கிப் போகும் பள்ளத்தில் கோயில் இருக்கிறது. மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்குத் துணி கொண்டுபோன சௌராஷ்டிர வணிகர் ஒருவர், காட்டுவழிக்கு அஞ்சி மகளை இங்கே அர்ச்சகர் வீட்டில் விட்டுப் போனார், அவள் சாஸ்தாவையே மணாளனாக வரித்துவிட்டாள் என்பது தலவரலாறு. இன்றும் மார்கழியில் மதுரை சௌராஷ்டிர சமூகத்தார் பெண்வீட்டாராகச் சீர்வரிசையோடு வருகிறார்கள். கோயில் நிர்வாகம் மாப்பிள்ளை வீட்டாராக நின்று வரவேற்கிறது. திருக்கல்யாணம் மட்டும் ஒவ்வொரு ஆண்டும் முடியாமல் பாதியில் நின்றுவிடும். மணப்பெண் பூப்படைந்துவிட்டாள் என்பது அதற்குச் சொல்லும் காரணம். கதையில் எவ்வளவு உண்மையோ தெரியாது. துணிமூட்டையோடு மதுரை வணிகர்கள் நடந்த வழி இது என்பதைச் சொல்ல அந்தக் கதையே போதும்.

மலையைத் தாண்டினாலும் ஒரு தடை பாக்கி இருந்தது: புனலூரில் கல்லடை ஆறு. அதன்மேல் ஆல்பர்ட் ஹென்றி என்ற ஆங்கிலப் பொறியாளர் 1877-இல் ஒரு தொங்குபாலத்தைக் கட்டி முடித்தார். 1880-இல் அது போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 400 அடி. இரு கரைகளிலும் கோட்டை வாசல் போன்ற கல்தூண்கள், அவற்றில் மாட்டிய இரும்புச் சங்கிலிகள், சங்கிலியில் தொங்கும் மரப்பலகைத் தளம். பலகை இடுக்கில் கீழே ஓடும் தண்ணீர் தெரியும். அதைப் பார்த்து மிரண்டு காட்டு விலங்குகள் ஊருக்குள் வராமல் திரும்பிவிடும் என்பார்கள். ஜனங்களுக்கே பயம் இருந்ததாம். பொறியாளர் குடும்பத்தோடு பாலத்துக்கடியில் படகில் உட்கார்ந்துகொண்டு, மேலே யானைகளை நடத்திக் காட்டினார் என்று புனலூர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் வந்தபின் பழையது ஓய்வுபெற்றது. இப்போது அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். மாலையில் காலாற நடப்பவர்களுக்கு உதவுகிறது.

1904-இல் கொல்லம்–செங்கோட்டை மீட்டர்கேஜ் ரயில் வந்தது. கழுதுருட்டியில் நெடுஞ்சாலைக்கு ஒட்டினாற்போல நிற்கும் பதின்மூன்று கண் பாலம் அந்த ரயிலுக்காகக் கட்டியது. 2010-இல் அகலப்பாதை வேலைக்காக மலைப்பகுதியில் ரயிலை நிறுத்தினார்கள். திரும்ப ஓட 2018 ஆகிவிட்டது. அந்த எட்டு வருடமும் முழுப் பாரமும் சாலையின் தலையில்தான் விழுந்தது.

எல்லைக்கோடு இந்தக் கதையில் தாமதமாக வந்த ஆள். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். சங்கு முத்திரையோடு நிற்கும் பழைய நுழைவாயில் அதன் மிச்சம். 1911-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் பிறந்தது செங்கோட்டையில், வேலை பார்த்தது புனலூர்க் காட்டு இலாகாவில். அவர் காலத்தில் இரண்டும் ஒரே ராஜ்யம். மொழிவழி மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழகத்துக்கு வந்தது, ஆரியங்காவு கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதன்பிறகு கிழக்கே புளியரையிலும் மேற்கே ஆரியங்காவிலும் சோதனைச்சாவடிகள் முளைத்தன.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனைவரிச் சாவடிக்கு வேலை போயிற்று. சோதனை மட்டும் போகவில்லை. ஆரியங்காவில் கேரளப் பால்வளத்துறைக்கே தனிச் சாவடி உண்டு; தமிழகத்திலிருந்து போகும் டேங்கர்களில் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். 2023 ஜனவரியில் 15,300 லிட்டர் பாலோடு வந்த ஒரு டேங்கரைப் பிடித்து, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருக்கிறது என்றது அந்தத் துறை. உணவுப் பாதுகாப்புத் துறை சோதித்தபோது அது தென்படவில்லை. ஒரே அரசின் இரண்டு துறைகள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பால் வண்டியிலேயே கிடந்தது.

காய்கறி, புளியங்குடி எலுமிச்சை, வைக்கோல் என்று கேரளத்துக்குப் போவதெல்லாம் பழைய சரக்கு. இன்று தென்காசி மாவட்டத்தின் மனத்தாங்கல் வேறு. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய கனரக லாரிகள் இரவு பகலாகப் புளியரை எஸ் வளைவில் முக்கி முனகி ஏறுகின்றன. மலையை உடைத்து அனுப்புகிறார்கள் என்று இந்தப் பக்கத்துக் குரல். கட்டுமானத்துக்குக் கல் வேண்டும் என்று அந்தப் பக்கத்துத் தேவை. எதிரே ஒரு சுமை லாரி வந்துவிட்டால் அந்த வளைவில் பேருந்து ஒதுங்கி நிற்பதைத் தவிர வழியில்லை.

அகலப்படுத்தும் வேலை இரண்டு முனையிலிருந்தும் நெருங்குகிறது. கிழக்கே திருமங்கலம்–ராஜபாளையம் நான்குவழியாகிறது. மேற்கே கடம்பாட்டுகோணத்திலிருந்து இடமண் வரை வயலும் தோட்டமும் வழியாகப் புத்தம்புதுச் சாலைக்குத் திட்டம் இருக்கிறது. இடமண்ணுக்குக் கிழக்கே, ஆரியங்காவு வரைக்கும், புதுத்தடம் போட இடம் கிடையாது. இருக்கிற சாலையையே அகலப்படுத்தவேண்டும்; ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு, நடுவில் ரயில் பாதை.

(தொடரும்)