இயற்கை ஒளியில் பூக்களின் மக்ரோ ஒளிப்படம்

பூவொன்றைத் தூரத்தில் நின்று படமெடுத்துப் பின்னர் பெரிதாக்குவது மக்ரோ ஒளிப்படம் ஆகாது. மாணவர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி விடை எழுதுகின்றனர். பொருளின் உருவம் படச்சுருளிலோ உணரியிலோ அதன் உண்மை அளவில், அதாவது 1:1 என்னும் விகிதத்தில் விழுமாறு எடுப்பதே கண்டிப்பான பொருளில் மக்ரோ ஒளிப்படம் எனப்படும். 35 மி.மீ. படச்சுருளின் ஒரு சட்டகம் 36 × 24 மி.மீ. அளவுடையது. எனவே 1:1 விகிதத்தில் செவ்வரத்தம்பூ முழுவதும் அதனுள் அடங்காது. அதன் ஐந்து குறிகளும் அவற்றை அண்டிய மகரந்தக்கூடுகளும் போன்ற ஒரு பகுதியே அடங்கும்.

1. ஒளியின் தன்மை

நண்பகல் வெயில் வன்மையானது. அல்லிகளில் கரிய நிழல்களையும் வெளிறிய திட்டுகளையும் ஏற்படுத்தும். மப்பான வானத்தின் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் பரவி வருவதால் மென்மையானது; நிறமும் நுண்விபரமும் தெளிவாகப் பதியும். பூவின் பின்னாலிருந்து வரும் காலை வெயில் அல்லியை ஊடுருவி அதன் நரம்புகளைக் காட்டும். வெயில் கடுமையாயின் மெல்லிய வெள்ளைத் துணியைப் பூவுக்கு மேலே பிடித்து ஒளியைப் பரவச் செய்யலாம். நிழல் விழும் பக்கத்தில் வெள்ளைக் காட்போட் மட்டையை வைத்தால் ஒளி தெறித்து நிழல் குறையும்.

2. புல ஆழம்

படத்தில் தெளிவாகத் தெரியும் முன்பின் தூரமே புல ஆழம். பொருளை நெருங்க நெருங்க இது குறையும். மேற்கூறிய சட்டகத்தில் 1:1 விகிதத்தில் எஃப் 8 துவாரத்துக்குப் புல ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. எஃப் 16 இல் ஏறத்தாழ 2 மி.மீ. ஆகும். ஒரு குறி தெளிவாக இருக்க அடுத்தது மங்குவது இதனாலேயே.

3. ஒன்றைப் பெற ஒன்றை இழத்தல்

துவாரத்தைச் சிறிதாக்கினால் புல ஆழம் கூடும் என்று மாத்திரம் எழுதினால் விடை முழுமை பெறாது. எஃப் 8 இலிருந்து எஃப் 16 இற்கு மாற்றும்போது ஒளி நான்கில் ஒன்றாகக் குறைகிறது. முன்னர் 1/120 செக்கன் போதுமாயிருந்தால் இப்போது 1/30 செக்கன் வேண்டும். அந்நேரத்தில் மெல்லிய காற்றும் பூவை அசைத்துப் படத்தைக் கலக்கிவிடும். ஐ.எஸ்.ஓ. அளவை 100 இலிருந்து 400 ஆக உயர்த்தினால் 1/120 செக்கனை மீண்டும் பெறலாம். ஆயினும் படத்தில் புள்ளிகள் தோன்றலாம். முக்காலி கமராவின் அசைவைத் தடுக்குமேயன்றிப் பூவின் அசைவைத் தடுக்காது என்பதையும் நினைவிற் கொள்க.

4. நிறமும் ஒளியளவும்

ஒளிமானி தான் காணும் எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணிக்கும். ஆகவே சட்டகம் நிறைய நந்தியாவட்டை இருந்தால் வெண்மை மங்கிவிடும். ஒளியளவைச் சற்றுக் கூட்ட வேண்டும். கடுஞ்சிவப்புப் பூவில் சிவப்பு நிறம் எல்லை மீறி அல்லியின் நுண்விபரம் மறையக்கூடும். அங்கு சற்றுக் குறைக்க வேண்டும்.

5. முன்னோடி ஒருவர்

ஜேர்மனியரான கார்ல் புளொஸ்ஃபெல்ட் (1865–1932) தாவரங்களின் மொட்டு, தண்டு, சுருள் என்பவற்றைப் பல மடங்கு பெரிதாகப் படமெடுத்தார். மென்மையான பகலொளியும் எளிய பின்னணியும் அவரது படங்களின் சிறப்பு. சித்திர அலங்காரம் கற்கும் மாணவருக்கு இயற்கையின் வடிவங்களைக் காட்டுவதே அவர் நோக்கம். அவரது படத்தொகுப்பு 1928 இல் வெளிவந்தது.

மாதிரி வினா

மெல்லிய காற்று வீசும் மப்பான காலையில், செவ்வரத்தம்பூவின் கேசரக்குழாயை அடி முதல் நுனி வரை தெளிவாகப் படமெடுக்க நீர் யாது செய்வீர்?

விடைக் குறிப்பு

• குழாய் முழுவதும் அடங்குமாறு 1:1 இலும் குறைந்த விகிதத்தைத் தெரிதல். இதனால் புல ஆழமும் கூடும்.
• கேசரக்குழாய்க்குச் சமாந்தரமாகக் கமராவைப் பக்கவாட்டில் வைத்தல். குழாய் முழுவதும் ஒரே தூரத்தில் அமைவதால், துவாரத்தை மிகச் சிறிதாக்காமலே தெளிவு கிடைக்கும்.
• அதனால் மிஞ்சும் ஒளியைக் கொண்டு ஷட்டர் வேகத்தைக் கூட்டுதல்.
• மட்டையினால் காற்றைத் தடுத்து, பூ அசைவற்று நிற்கும் கணத்தில் எடுத்தல்.

கருவியின் பெயர்களை மனனம் செய்வதால் இவ்வினாவுக்கு விடை வராது. கைபேசிக் கமராவாயினும் போதும். நாளைக் காலை முற்றத்துப் பூவொன்றை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பூவைப் பறிக்க வேண்டியதில்லை.